தார்ச்சாலைக் களம்

18-1-1959, ஞாயிறு

பனி. காலை எட்டு மணி வரை நார்த்தாமலைக் குன்று கண்ணில் படவில்லை. கடிகாரம் ஒன்றரை நிமிடம் பிந்தியிருந்தது. மாலையில் கீரனூர் ரயில் நிலையக் கடிகாரத்தோடு சரிபார்த்தாயிற்று.

இன்றைய வேலைகள்: (1) புதிய நோட்டுக்குக் கோடு போடுதல். (2) கலெக்டருக்கான விண்ணப்பத்தில் மூன்றாம் பத்தியைத் திருத்துதல். (3) மூக்குக்கண்ணாடிக் காம்புக்கு நூல் சுற்றுதல். மூன்றாவது மட்டும் முடிந்தது.

பழைய நோட்டைப் புரட்டினேன். சமஸ்தானக் கச்சேரியில் முப்பத்தொரு ஆண்டுகள் சனன மரணக் கணக்கு எழுதிய காலத்தில் தொடங்கிய பழக்கம்: மோட்டார் வாகனத்தால் இறந்தோரை மட்டும் தனியே குறித்து வைப்பது. தேதி, இடம், வாகனம், ஆள், காரணம் என ஐந்து கட்டங்கள். தொடக்கத்தில் ஒரு பக்கத்தில் ஆறு ஆண்டுகள் அடங்கின. சென்ற ஆண்டுக்கு ஒரு பக்கம் போதவில்லை. ஓரத்தில் எழுத நேர்ந்தது. எனவேதான் புதிய நோட்டு.

ஆவூரிலிருந்து வரும் ஆசிரியர் சவரிமுத்து ஓர் ஆங்கிலப் பத்திரிகைத் துண்டு கொடுத்தார். மேல்நாடுகளில் காலராவும் அம்மையும் ஏறத்தாழ ஒழிந்தன. அவை விட்ட இடத்தை மோட்டார் பிடித்துக்கொண்டது என்கிறது. நம் அரசாங்கப் படிவத்தில் இன்றும் காலராவுக்குத் தனிக் கட்டம் உண்டு, அம்மைக்கு உண்டு, பாம்புக்கு உண்டு. பஸ்ஸுக்கு இல்லை. விண்ணப்பத்தின் சாரம் இதுதான்.

கடைவாய்ப் பல் வலி. கிராம்பு.

19-1-1959, திங்கள்

பனி குறைவு. 7.20-க்கே பஸ் நிறுத்தத்தில் நின்றேன். மாப்பிள்ளை ராசு ஓட்டும் திருச்சி–புதுக்கோட்டை பஸ் நம்மூர் நிறுத்தத்துக்கு 7.29-க்கு வர வேண்டும். வந்தது 7.38. தாமதம் ஒன்பது நிமிடம்.

நிறுத்தத்துக்குத் தெற்கே அரை பர்லாங்கில் இந்த ஆண்டும் தார்ச்சாலையில் கொள்ளுச் செடியைப் பரப்பிவிட்டார்கள். களத்தில் மாடு கட்டி மிதிக்க ஒரு நாள் முழுதும் ஆகும். பஸ்ஸும் லாரியும் ஏறினால் ஒரு பொழுதில் மணி உதிர்ந்துவிடும். மீமிசலிலிருந்து விடியலில் வரும் மீன் லாரியே பாதி வேலையை முடித்துவிடுகிறதாம். முன்சக்கரம் கடந்ததும், பின்சக்கரம் ஏறுவதற்குள், நசுங்காத செடியை நுனி இரண்டாகப் பிரிந்த கவைக்கம்பால் சக்கரப் பாதையில் தள்ள வேண்டும். அதில் ஊரிலேயே கைதேர்ந்தவள் வெள்ளைச்சாமி மனைவி கருப்பாயி. அவள் தள்ளி முடிக்கும் வரை ராசு வண்டியை ஊர விடுகிறார். வடக்கே கடந்து வரும் ஊர்களிலும் இதே பரப்பு, இதே ஊர்தல்தான். தாமதத்தின் மூலம் அது.

அவளிடம் சொன்னேன், இது சாலை, களமல்ல என்று. அவளுக்குச் சிரிப்பு.

"கணக்குப்பிள்ளையய்யா, பஸ்ஸு வந்தா மணி பாக்குறீங்க, போனா மணி பாக்குறீங்க. நடுவுல எப்பத்தான் ஏறப் போறீங்க?"

பக்கத்திலிருந்தவர்களும் சிரித்தார்கள். ஒன்பது நிமிடத்தைக் குறித்துக்கொண்டேன்.

மாலை உணவின்போது, மாதம் பிறந்தது முதல் நான் குறித்த தாமதங்களை ராசுவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் என் அக்காள் மகன், கோபித்துக்கொள்ள மாட்டார்.

"கொள்ளுக்காரவுங்க கை காட்டுறாங்க மாமா. நிதானிச்சுத்தானே போகணும்?"

"பெர்மிட் கொடுத்தது ஆள் ஏற்றிச் செல்வதற்கு மாப்பிள்ளை. கொள்ளு அடிப்பதற்கு அல்ல."

மகள் மீனாட்சி குழம்பு ஊற்றியபடி, "ஏங்க, நாளைக்கு நேரத்துக்குப் போயிருங்க. இல்லாட்டி அப்பா ஒங்களுக்கும் ஒரு நோட்டுப் போட்ருவாரு" என்றாள். ராசு சிரித்துவிட்டு, சரி என்றார்.

20-1-1959, செவ்வாய்

தெளிவான வானம். பஸ் 7.36-க்கு நிறுத்தத்தைக் கடந்தது. தாமதம் ஏழு நிமிடம். ஏறுவார் இல்லாததால் நிற்கவில்லை. ஓட்டுநர் இருக்கை என் பக்கம் வந்தபோது கடிகாரத்தை உயர்த்திக் காட்டினேன். ராசு பார்த்தார். தலையசைத்தார். வேகம் கூடியது.

7.37-க்குக் கூச்சல்.

நடந்தது: கருப்பாயி வழக்கம்போல் முன்சக்கரம் கடந்ததும் கவைக்கம்போடு உள்ளே சென்றாள். பஸ் வழக்கம்போல் ஊரவில்லை. உதிர்ந்த மணிமேல் கால் வழுக்கியது. பின்சக்கரம் வலது முழங்காலுக்குக் கீழே.

அதே பஸ்ஸில் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நினைவிருந்தது. ஏற்றும்போது அவள் சொன்னது: "செடிய மழ வருமுன்ன அள்ளுங்க." மழைக்கு அறிகுறி எதுவும் இல்லை.

புதிய நோட்டில் எழுத எதுவும் இல்லை. காயம்பட்டோர் என் கணக்கில் சேர மாட்டார்கள்.

24-1-1959, சனி

வெள்ளைச்சாமி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வேட்டி மாற்றிக்கொண்டு திரும்பினான். நிறுத்தத்தில் கண்டு விசாரித்தேன். கால் வீக்கம், ரணம். ஆஸ்பத்திரியில் என்ன சொல்லிச் சேர்த்தான் என்று கேட்டேன்.

"மாட்டு வண்டியில இருந்து விழுந்துட்டான்னு சொல்லிட்டேங்க."

"ஏன்?"

"பஸ்ஸுன்னு சொன்னா போலீசு வரும். போலீசு வந்தா ரோட்டுல கொள்ளு போடக் கூடாதும்பான். ஊரு என்னைய விட்டு வைக்குமா? ராசுத்தம்பியும் நல்ல பையன். அவ கை காட்டித்தானே பஸ்ஸு வந்துச்சு?"

ஊரே அப்படித்தான் பேசுகிறது. வண்டியில் பூட்டியிருந்த மாட்டின் நிறம்கூட முடிவாகிவிட்டது. மயிலை.

ராசு வேலைக்குப் போய் வருகிறார். சாப்பாடு பாதி. 7.29 என்றால் 7.29-க்கே வருகிறார். இரண்டு நாளாக அவருடைய நேரத்தை நான் குறிக்கவில்லை.

29-1-1959, வியாழன்

மேகமூட்டம். பல் வலி தீர்ந்தது.

கருப்பாயியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். காலை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம், அவள் இசையவில்லை. கடும் காய்ச்சல். தாடை இறுகிவிட்டது, கஞ்சி இறங்கவில்லை. மீனாட்சி பார்த்துவிட்டு வந்து, உரலில் மாவாட்டப் போனாள். ஆட்டுவதற்கு இன்று எதுவும் ஊற வைத்திருக்கவில்லை.

31-1-1959, சனி

காலை 5.40-க்குக் கருப்பாயி இறந்தாள். வயது, அவள் தமையன் கணக்குப்படி, நாற்பத்திரண்டு. பிற்பகல் மூன்று மணிக்குள் எரித்தாயிற்று. அந்த அவசரத்துக்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். காயத்தால் வந்த சாவு என்றால் ஸ்டேஷனுக்குத் தகவல் கொடுக்க வேண்டும், உடலை அறுப்பார்கள்.

சுடுகாட்டுப் பாதையில் கிராம முன்சீப் சின்னையா என் தோளைத் தொட்டார். "திங்கக்கிழமை புத்தகத்த எடுத்துக்கிட்டு வாரேன் அய்யா. காய்ச்சல்தானே?"

இந்தக் கிராமத்து மரணப் பதிவேட்டை ஆறு ஆண்டுகளாக எழுதுவது நான். முன்சீப்புக்குக் கண்ணில் புரை. நான் எழுதுவேன், என் விரல் காட்டும் இடத்தில் அவர் கையெழுத்திடுவார். முறையானதல்ல. எனினும் எழுத்து சுத்தமாக இருக்கிறது என்று தாலுகாவில் பெயர்.

2-2-1959, திங்கள்

மாலை 6.10. முன்சீப் வந்தார். பதிவேடு துண்டில் சுற்றியிருந்தது. கூடத்தில் அமர்ந்தோம். ராசு வேலையிலிருந்து வந்து, சட்டை மாற்றாமல் தூணோரம் நின்றார். மீனாட்சி அடுக்களை வாசலில்.

பெயர், வயது, தேதி எழுதினேன். காரணத்துக்கு வந்தபோது பேனாவைத் துடைத்தேன்.

"காய்ச்சல்னு போட்டு முடிங்கய்யா. காப்பி ஆறுது."

கிணற்றில் விழுந்தவனுக்கும் காய்ச்சல், பாம்பு தீண்டியவளுக்கும் காய்ச்சல் என்று எழுதிய முன்சீப்புகளின் புத்தகங்களை முப்பத்தொரு ஆண்டுகள் சிவப்பு மையில் திருப்பி அனுப்பியவன் நான். அதை அவரிடம் சொன்னேன்.

"அது ஊரான் வீட்டுப் பொணம். இது அப்படியா? காயம்னு எழுதினா, ஸ்டேஷனுக்கு ஏன் சொல்லலைன்னு என்னையக் கேப்பான். ஒங்க மாப்பிள்ளையப் பிடிச்சுக்கிட்டுப் போவான். லைசென்ஸு போயிரும். பெறகு இந்த வீட்டுல அடுப்பு எரியுறது எப்படி?"

மீனாட்சி முன்னால் வந்தாள். "செத்தது காய்ச்சல்லதானப்பா? டாக்டரக் கேட்டாலும் அதத்தான் சொல்லுவாரு. பொய் எழுதச் சொல்லலையே. நெசத்த எழுதுறதுக்கு ஒங்களுக்கு என்ன?"

"காய்ச்சல் எதனால் வந்தது?"

பதில் ராசுவிடமிருந்து வந்தது.

"எழுதுங்க மாமா."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் மீனாட்சி.

"இல்ல மீனாட்சி. அந்தக்கா தள்ளி முடிக்கிற வரைக்கும் எப்பவும் நிதானிப்பேன். கண்ணாடியில பாத்துக்கிட்டே போவேன். அன்னைக்கு ஏழு நிமிஷம் லேட்டு. நிதானிக்கல. நான் நிதானிப்பேன்னு நம்பித்தான் அது உள்ள வந்துச்சு."

ஏழு நிமிடத்தை அன்று பெரிதாக எடுத்துக்கொண்டது எதனால் என்று அவர் சொல்லவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. பார்க்காமலிருக்க அவர் பட்ட சிரமம் தெரிந்தது.

எழுதி, வாசித்தும் காட்டினேன்: "காயம். பஸ்ஸின் பின்சக்கரம். பதினொரு நாள் கழித்து மரணம்."

கையெழுத்துக்கான இடத்தில் விரல் வைத்தேன். முன்சீப் பேனாவைத் தொடவில்லை. "ஒங்க வீட்டு ஆளையே எழுதிட்டீங்க. இதுல நான் என்னத்தச் சொல்ல?" என்று கடைசியில் கையெழுத்திட்டார். எழுத்து சற்றுக் கோணல், கட்டத்துக்குள் அடங்கியது.

காப்பியை யாரும் குடிக்கவில்லை.

3-2-1959, செவ்வாய்

தட்டு வைக்கப்பட்டது; வார்த்தை வைக்கப்படவில்லை. பேத்திகள் இருவரையும் அப்பன் பக்கத்தில் உட்கார வைத்தாள் மீனாட்சி. நான் தனியே.

கீரைக்கு உப்பு இல்லை. கேட்கவில்லை.

5-2-1959, வியாழன்

தை மாதப் பனி திரும்பவும். ஜனவரிக் கணக்கின் நகல் தாலுகா அலுவலகத்துக்குப் போயிற்று. காரணம், பதிவேட்டில் உள்ளபடியே.

மோட்டார் நோட்டின் முதல் வரி:
தேதி: 31-1-59 (அடிபட்டது 20-1-59).
இடம்: நம்மூர்ச் சாலை, நிறுத்தத்துக்குத் தெற்கே.
வாகனம்: பஸ்.
ஆள்: கருப்பாயி, க/பெ வெள்ளைச்சாமி.
காரணம்:

ஐந்தாவது கட்டத்தில் வழக்கமாக எழுதுபவை: வேகம், குடி, மாடு குறுக்கே வந்தது, விளக்கு இல்லை, டயர் வெடித்தது. இவற்றுள் எதுவும் பொருந்தவில்லை. காலியாக விட்டேன்.

9-2-1959, திங்கள்

முற்பகல் 10.15-க்குக் காக்கி உடுப்பில் ஒரு கான்ஸ்டபிள், சைக்கிளில். நம் வாசலில் இறங்கினார். அடுக்களையில் பித்தளைக் குடம் உருண்ட சத்தம்.

"பெரியவரே, இங்கிட்டு ரெண்டு வெள்ளாடு காணாமப் போச்சுன்னு பிராது. ஏதும் தெரியுமா?"

தெரியாது என்றேன். தண்ணீர் கேட்டார். மீனாட்சி கொண்டுவந்தாள். பாதி அவர் காலில் கொட்டியது.

அவர் போனபின் என்னைப் பார்த்தாள். ஏழு நாட்களில் முதல் முறை. பேசவில்லை.

12-2-1959, வியாழன்

எதுவும் இல்லை. விண்ணப்பத்தின் மூன்றாம் பத்தி ஐந்தாம் முறையாக. கண்ணாடிக் காம்பு நூல் அவிழ்ந்தது.

ராசுவிடம், ஸ்டேஷனிலிருந்து வந்தால் நானும் உடன் வருவேன், கடிகாரத்தைக் காட்டியது நான் என்று சொல்வேன் என்றேன்.

"அத எந்தக் கட்டத்துல எழுதுவாங்க மாமா?" என்று கேட்டார். கிண்டலில்லை. உண்மையாகவே கேட்டார்.

16-2-1959, திங்கள்

வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. மாசி.

முன்சீப் பிற்பகல் 3.00-க்குச் சிரித்த முகத்தோடு வந்தார். தாலுகாவிலிருந்து நகல் திரும்பியிருந்தது. ஓரத்தில் சிவப்பு மை. என் பழைய சிவப்பு மை போலவே. "இப்படிவத்தில் வாகனத்துக்கு இடமில்லை. காயம் என்ற கட்டத்தில் எண்ணிக்கையை மட்டும் எழுதி அனுப்புக."

"பாத்தீங்களா? பனையில இருந்து விழுந்தவன், கெணத்துல விழுந்தவன், நம்ம கருப்பாயி, எல்லாரும் ஒரே வரிசையில ஒக்காந்தாச்சு. ஒருத்தனும் கேக்கப் போறதில்ல. இதுக்குப் போயி மகளோட பேச்சு வார்த்தைய விட்டீங்களே!"

பதிவேட்டில் அடித்தல் கூடாது. அங்கே பஸ் இருக்கும். நகலில் மட்டும் மாற்றி எழுதினேன். "காயம்: 1." மை உலர்ந்ததும் துண்டில் சுற்றிக்கொண்டு போனார். மாவட்டக் கணக்கில், மாகாணக் கணக்கில், பின் அதற்கும் மேலே எங்கெங்கு கூட்டுகிறார்களோ அங்கெல்லாம் அவள் ஒன்று. எதனால் என்பது இங்கேயே நின்றுவிட்டது.

ஆசிரியரின் பத்திரிகைத் துண்டை மறுபடி படித்தேன். எண்ணுகிற நாடுகளில் மோட்டார் மரணம் கூடுகிறது. எண்ணாத நாடுகளில் காயம், அல்லது காய்ச்சல். அவ்வளவே வேற்றுமை.

மீனாட்சி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு பின்கட்டில் அழுகைச் சத்தம். வருத்தத்தால் அல்ல என்று நினைக்கிறேன். ராசு வந்ததும் சொன்னாள். அவர் நிம்மதி அடைந்ததாகத் தெரியவில்லை. கிணற்றடியில் வெகுநேரம் கால் கழுவினார்.

மாலை 6.30. ஐந்தாவது கட்டத்தை நிரப்பினேன். "நேரம். காட்டியவன் நான்."

18-2-1959, புதன்

விண்ணப்பம் முடிந்தது. மூன்றாம் பத்தியை முழுதும் நீக்கிவிட்டு, இந்த ஒரு மரணத்தை அடிபட்டது முதல் சிவப்பு மை வரை எழுதினேன். ஓட்டுநர் எனக்கு மருமகன் என்பதும் அதில் உண்டு. நேரில் கொடுப்பதே நன்று. புதுக்கோட்டையில் கலெக்டர் வெள்ளியன்று முகாம் வருவதாக ஆசிரியர் விசாரித்துச் சொன்னார்.

சவரம். குடைத்துணியில் ஓட்டை, தைத்தேன்.

20-2-1959, வெள்ளி

கடும் வெயில். ராசுவின் இரண்டாவது நடை, 11.40 பஸ்ஸில் புறப்பட்டேன். படியிறங்கும்போது பின்னாலிருந்து மீனாட்சியின் குரல்: "குட எடுத்துக்கிட்டீங்களா?" எடுத்திருந்தேன். எடுத்துக்கொண்டேன் என்றேன். பதினெட்டு நாளைக்குப் பிறகு.

முன்வரிசை ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பை மடியில். நிறுத்தத்தை விட்டதும் சாலையில் கொள்ளு. இந்த ஆண்டின் கடைசிப் பரப்பு என்றார்கள்.

ராசு செடிக்குப் பத்தடி முன்னால் பஸ்ஸை நிறுத்தினார். எஞ்சினையும் நிறுத்தினார். ஒலிப்பானை அடித்தார்.

செடியோரம் கவைக்கம்போடு நின்றது வெள்ளைச்சாமி. மொட்டையடித்த தலையில் மயிர் இன்னும் சரியாக முளைக்கவில்லை. கையை வீசி வீசிக் காட்டினான்.

"ஏத்திக்கிட்டுப் போ தம்பி! சும்மா ஏத்து! நான் உள்ள வர மாட்டேன்!"

ராசு இறங்கினார். குனிந்து செடியை இரண்டு கையாலும் அள்ளிச் சாலையோரம் போட்டார். மறுபடி வந்து அள்ளினார். பஸ்ஸுக்குள்ளிருந்து பயணிகள் கத்தினார்கள்.

"என்னப்பா டிரைவரு, பஸ் ஓட்ட வந்தியா, களம் கூட்ட வந்தியா?"

"கோர்ட்டுக்கு நேரமாச்சு! ஏத்திட்டுப் போய்யா!"

"ஏங்க கண்டக்டரு, இந்த ஆளு வேப்பெல அடிக்க வேண்டிய கேசா?"

வெள்ளைச்சாமி கொஞ்ச நேரம் கம்பை ஊன்றி நின்று பார்த்தான். பிறகு கம்பைக் கீழே போட்டுவிட்டு அவனும் குனிந்தான். சாலை அகலமானது, செடி நிறைய.

பின்னிருக்கையில் இருந்த கறுப்புக் கோட்டுக்காரர் என் மடியில் கிடந்த கடிகாரச் சங்கிலியைப் பார்த்துவிட்டார்.

"பெரியவரே, மணி என்ன ஆச்சு? எம்புட்டு நேரமா நிக்கிறான் இவன்? கம்பெனிக்கு எழுதிப் போடணும், சரியாச் சொல்லுங்க."

ராசு வெளியே செடியோடு நிமிர்ந்தார். ஜன்னல் வழியே என்னைப் பார்த்தார்.

கடிகாரம் ஓடவில்லை என்றேன். 11.42-க்கு நின்ற பஸ் 11.49-க்குப் புறப்பட்டது.